ஏழாம் நம்பர் அரம்

"எந்த அரம் மாப்பிள்ளை?"

மாமனார் கேட்டுவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஓர் அடி விலகி நின்றார்.

சுவரில் பன்னிரண்டு அரங்கள் தொங்கின. தட்டையானது, ஒரு பக்கம் மட்டும் உப்பியது, எலிவால் மாதிரி ஒல்லியானது, பார்த்தாலே தோல் உரிந்துவிடும்போல் முரட்டுப் பல் வைத்தது என்று ஒவ்வொன்றும் ஒரு ரகம். எல்லாவற்றின் மரக் கைப்பிடியிலும் சிவப்புச் சாயத்தில் ஓர் எண். கீழே மேஜையில், வைஸ் இடுக்கியின் இரும்புத் தாடைகளுக்கு நடுவே, ஆளுயர மரச்சட்டம் ஒன்று படுத்துக் கிடந்தது. அது வில்லாக வேண்டும். அதை வில்லாக்க வேண்டியவன் மருமகன்.

அவன் பல் டாக்டர். அவன் "ஆ" என்றால் எதிரே இருப்பவர் யாராக இருந்தாலும் வாயைத் திறப்பார். இப்போது அவன் வாய்தான் திறக்க மறுத்தது.

பரீட்சையில் விடை தெரியாத கேள்வி வந்தால் நடுவில் இருப்பதைக் குறித்துவிட்டுப் போவது அவனுடைய பழைய பழக்கம். அந்தப் பழக்கம் அவனைப் பல் மருத்துவம் வரை கைவிடாமல் கொண்டுவந்து சேர்த்திருந்தது. சுவரின் நடுவில் பார்த்தான்.

"ஏழு," என்றான்.

"ஏழு!" மாமனாரின் புருவம் ஏறி இறங்கியது. "ஏழு... ம். சரியா இருக்க வாய்ப்பு இருக்கு."

மாமனார் வானிலை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் 'மழை பெய்ய வாய்ப்பு இருக்கிறது' என்று சொன்ன நாக்கு, சோறு வெந்ததா என்று கேட்டால்கூட 'வெந்திருக்க வாய்ப்பு இருக்கு' என்றுதான் சொல்லும். அதனால் அவர் தன்னைப் பாராட்டினாரா, பரிகாசம் செய்தாரா என்று மருமகனுக்குப் புரியவில்லை. ஏழாம் நம்பரைக் கொக்கியிலிருந்து எடுத்தான். அது எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. அவன் சொன்ன பொய்யும் அப்படித்தான்.

உண்மையில் பொய்யைச் சொன்னது அவன் இல்லை, சித்தி.

ஊரே அவளைச் சித்தி என்றுதான் கூப்பிடும். யார் வீட்டிலாவது பெண்ணோ பிள்ளையோ கல்யாண வயதுக்கு வந்துவிட்டால், அந்த வீட்டுக்காரர்களுக்கு முன்னால் சித்திக்குத் தெரிந்துவிடும். அவள் பேசி முடித்து, முறிந்துபோன சம்பந்தம் என்று ஒன்று கிடையாது. பெண் பார்த்துவிட்டு வந்த அன்று அவனைத் தனியாக ஓரங்கட்டினாள்.

"பொண்ணு பிடிச்சிருக்கா?"

"ரொம்பப் பிடிச்சிருக்கு சித்தி."

"நல்லது. இன்னொரு சின்ன விஷயம். நீ வில் செய்யறே."

"என்னது?"

"வில்லுடா. அம்பு விடற வில். மரத்தை எடுத்து, அரத்தால ராவி, நீயே செய்யறே. ஓய்வு நேரத்துல."

"நான் எங்க சித்தி..."

"செய்யறே! பொண்ணோட அப்பா வேலையில இருந்து ஓய்வு வாங்கின நாள்ல இருந்து வில்லுப் பைத்தியமா இருக்கார். வந்த வரனையெல்லாம் 'அரம் பிடிக்கத் தெரியுமா'ன்னு கேட்டே விரட்டிட்டார். உனக்குப் பொண்ணு வேணுமா, வேண்டாமா?"

அவனுக்குப் பெண் வேண்டும். அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தபோது, 'பல் டாக்டர் முன்னாடி சிரிக்கவே பயமா இருக்கு' என்று சொல்லிவிட்டுச் சிரித்திருந்தாள். ஒரு பல்கூடச் சொத்தை இல்லை.

"மாட்டிக்கிட்டா என்ன பண்றது சித்தி?"

"மாட்ட மாட்டே. மாமனாரும் மருமகனும் ஒருத்தருக்கொருத்தர் கொஞ்சம் பயந்துக்கிட்டே இருக்கணும்டா. அப்பதான் நடுவுல இருக்கிற பொண்ணு நிம்மதியா இருப்பா. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. நான் சிக்கனமா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லியிருக்கேன்."

கல்யாணம் ஆனது. முதல் ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள். கை கழுவின ஈரம் காய்வதற்குள் அவனைக் கொல்லைப்புறக் கொட்டகைக்கு அழைத்துப் போய்விட்டார் மாமனார். சுவரில் அரங்களோடு இரண்டு பழைய விற்களும் தொங்கின. அவற்றின் பிடியிலும் சிவப்பு எண்.

"இதெல்லாம் நீங்க செஞ்சதா மாமா?"

"அதைப் பத்தி இப்ப எதுக்கு மாப்பிள்ளை," என்று அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

நிறைகுடம் தளும்பாது என்று அவன் நினைத்துக்கொண்டான். பயம் இன்னும் கூடியது.

இன்று இரண்டாவது ஞாயிறு. ஏழாம் நம்பர் கையில் வந்துவிட்டது. இனித் தப்ப வழியில்லை.

"நீங்க ஆரம்பிச்சு வைங்க மாமா. மூத்தவங்க கையால."

"சேச்சே. எனக்கு மணிக்கட்டு சரியில்ல. நீங்க செய்யுங்க, நான் பார்க்கிறேன்."

பார்க்கிறேன் என்றால் அவர் நிஜமாகவே பார்த்தார். முகத்தை ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொண்டு, இமைக்காமல்.

மருமகனுக்குத் தெரிந்த அரம் ஒன்றுதான். பல் வேர்க்குழியைச் சுத்தம் செய்ய விடும் ஊசி அரம். அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடிப்பான். இதையும் அப்படியே பிடித்தான். மரத்தின் மேல் மெல்ல, மெல்ல, தூங்கும் குழந்தையின் நெற்றியைத் தடவுவதுபோல் தடவினான்.

"என்ன நுணுக்கம்!" என்றார் மாமனார்.

வெகுநேரம் கழித்து மாமியார் காபி கொண்டுவந்தார். மரத்தின் மேல் எறும்பு தூக்கிப் போகும் அளவுக்கு மரத்தூள் சேர்ந்திருந்தது.

"இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றார்.

"ஆரம்பிச்சு ரொம்ப நேரம் ஆச்சு அத்தை."

"ஓ," என்று மாமியார் கணவரைப் பார்த்தார். கணவர் கூரையைப் பார்த்தார்.

மருமகனுக்கு மானம் போனதுபோல் இருந்தது. இரண்டு கையாலும் அரத்தை இறுக்கிப் பிடித்து, ரம்பம் இழுப்பதுபோல் முன்னும் பின்னும் ஓங்கி இழுத்தான். ஏழாம் நம்பர் இதற்காகத்தான் காத்திருந்ததுபோல் மரத்தைக் கவ்வியது. கரகரவென்று ஒரு சத்தம். சட்டத்தில் ஒரு பள்ளம். சின்னக் குருவி குளிக்கலாம்.

மாமனார் குனிந்து பள்ளத்தைப் பார்த்தார். பிறகு மருமகனைப் பார்த்தார்.

"இது..."

"வேணும்னேதான் மாமா. இந்த இடத்துல கொஞ்சம் இளைச்சாத்தான் வில்லு மூச்சு விடும்."

"மூச்சு," என்றார் மாமனார் மரியாதையோடு. "ஆமா. விட வாய்ப்பு இருக்கு."

திரும்பிப் போகும்போது மனைவி அவன் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"உங்களுக்கு ஒண்ணு சொல்லட்டுமா? நான் வெளியூர்ல வேலையில இருந்தப்ப அப்பா மொட்டை மாடியில நின்னு மேகத்தையே பார்த்துக்கிட்டு இருப்பாராம். ஓய்வு வாங்கினதுல இருந்து யார்கிட்டயும் பேச்சே கிடையாது. அம்மா போன்ல அழுவாங்க. அப்புறம் எப்படியோ இந்த வில்லு வந்து சேர்ந்துச்சு. நானே இப்பதான் பார்க்கிறேன். ஆனா, நேத்து சாயந்தரம் போன் பண்ணி என்ன கேட்டார் தெரியுமா?"

"என்ன?"

"'நாளைக்கு மாப்பிள்ளை வருவார்ல?'ன்னு. என்னைக் கேட்கவே இல்ல!"

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தவன் அவன். அவன் வருவானா என்று ஒரு பெரியவர் இதுவரை விசாரித்ததில்லை. அந்த நிமிடமே உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எழும்பிய எண்ணத்தை அப்படியே மடித்து உள்ளே வைத்துவிட்டான். எப்படியாவது வில் செய்யக் கற்றுக்கொண்டுவிட்டால் பொய் பொய்யில்லை என்றாகிவிடும்.

மறுநாளிலிருந்து கிளினிக்கில் மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் வில் பாடம். கைப்பேசித் திரையில் தாடிக்காரர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். அரத்தின் பிடியில் ஒரு கை, நுனியில் ஒரு கை. முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்தம், திரும்பும்போது தூக்கிவிட வேண்டும். இழுத்தால் பல் மழுங்கும். முதலில் முரட்டுப் பல், வில் உருவத்துக்கு வந்த பிறகு நைசான பல். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: அம்பு விடுகிறவனைப் பார்த்திருக்கும் பக்கம் வில்லின் வயிறு, எதிர்ப் பக்கம் முதுகு. பட்டைக்கு அடியில் வழவழவென்று இருக்கிறதே, அதுதான் முதுகு. அரம் வயிற்றில் மட்டும்தான் போக வேண்டும். முதுகைத் தொட்டவன் வில்லை உடைத்தவன்.

மருமகனுக்குச் சாதம் இறங்கவில்லை. தான் பள்ளம் வெட்டியது வழவழப்பான பக்கத்தில்.

'அந்தப் பக்கத்தை மேலே பார்த்து வைஸில் மாட்டியவர் மாமனார். தெரியாமலா மாட்டியிருப்பார்? என்னைச் சோதிக்க மாட்டியிருக்கிறார்! நான் கண்ணை மூடிக்கொண்டு முதுகில் குத்தியிருக்கிறேன்!'

அடுத்த ஞாயிறு அவன் கொட்டகைக்குள் நுழைந்ததும் நேரே வைஸைத் தளர்த்தினான்.

"மாமா, இதைத் திருப்பிப் போட்டுடலாம்."

"திருப்பியா?"

"இதுவரைக்கும் முதுகா இருந்தது இனி வயிறு. வயிறு முதுகு."

மாமனார் சிறிது யோசித்தார். "காத்து திசை மாறினா நாமளும் திரும்பறதுதானே முறை," என்றார்.

பெரிய மனது என்று மருமகனுக்குக் கண் கலங்கியது.

முதுகு வயிறாகிவிட்டதே தவிர, பள்ளம் பள்ளமாகவே இருந்தது. வில்லின் பள்ளம் உள்ள கை, அதாவது அந்தப் பாதி, எளிதாக வளைந்தது. மற்றக் கை மொட்டைக் கட்டையாக விறைத்து நின்றது. வில்லின் இரண்டு கைகளும் ஒன்றுபோல் வளைந்தால்தான் வில் என்று தாடிக்காரர் சொல்லியிருந்தார். எனவே விறைத்த கையை ராவினான். அது இப்போது அதிகம் வளைந்தது. அதனால் இந்தக் கையை ராவினான். இது அதிகம் வளைந்தது. பூனைகளுக்குப் பங்கு வைத்த குரங்கு அன்றைக்கு அந்தக் கொட்டகைக்கு வந்திருந்தால் கைகுலுக்கியிருக்கும்.

அந்த நேரத்தில் பக்கவாட்டுக் கதவில் ஒரு தலை தெரிந்தது. கழுத்தில் துண்டு, காதில் பென்சில். அந்த ஆள் சுவரில் தொங்கிய அரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். உதடு அசைந்தது.

"பன்னிரண்டும் இருக்குல்ல?" என்றார்.

மாமனார் மணிக்கட்டு வலியை மறந்து பாய்ந்துபோய் அந்த ஆளின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார். வாசல் பக்கம் குசுகுசுவென்று பேச்சு கேட்டது. வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. மாமனார் முகத்தைத் துடைத்தபடி வந்தார்.

"யார் மாமா?"

"எண்ணெய்க்காரர்."

"எண்ணெய் எதுக்கு?"

மாமனார் சுற்றுமுற்றும் பார்த்தார். "அரத்துக்கு," என்றார்.

அரத்துக்கு எண்ணெய்! தாடிக்காரர் இதைச் சொல்லவே இல்லையே. தொழில் ரகசியம் என்று மருமகன் மனதில் குறித்துக்கொண்டான். மாமனார் உள்ளே போன சமயம் பார்த்து, தான் அதிகம் பயன்படுத்திய ஏழையும் பத்தையும் எடுத்து, தையல் மெஷின் எண்ணெயைத் தாராளமாகத் தடவினான். இரண்டையும் மரத்தில் வைத்து ஓட்டினான். மரத்தூள் எண்ணெயில் குழைந்து பல்லுக்குப் பல் அப்பிக்கொண்டது. துணியால் துடைத்தான், துணி நார் நாராகக் கிழிந்து அதுவும் சேர்ந்து அப்பிக்கொண்டது. ஏழும் பத்தும் இரண்டு கம்பளிப் பூச்சிகளாயின.

பல் அழுக்கை எடுப்பது எப்படி என்று ஒரு பல் டாக்டருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டையும் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோனான்.

கிளினிக்கில் உதவிக்கு இருந்தவளை எல்லோரும் அக்கா என்பார்கள். அவனும் அப்படித்தான். அவளுக்குக் கேள்வி கேட்கும் வழக்கம் கிடையாது. மருந்துத் தொட்டியில் ஊறப்போடச் சொன்னான், போட்டாள். நீராவிப் பெட்டியில் வைக்கச் சொன்னான், வைத்தாள். வெந்ததும் எடுத்துவரச் சொன்னான். நோயாளி இல்லாத நேரம் பார்த்து எடுத்துவர வேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டான்.

நாற்காலியில் மீசைக்காரர் ஒருவர் மல்லாந்திருந்தார். ஆள் மலைபோல இருந்தார்.

"கடைவாய்ப் பல்லு கொஞ்சம் கூர்மையா இருக்கு. நாக்குல குத்துது டாக்டர்."

"ஒண்ணும் பயப்படாதீங்க. லேசா ராவிட்டாப் போதும். வலிக்கவே வலிக்காது. ஆ காட்டுங்க."

அந்த நேரத்தில் அக்கா உள்ளே வந்தாள். தட்டில் பச்சைத் துணி, துணிமேல் முழ நீளத்தில் ஆவி பறக்கும் இரண்டு அரங்கள். வழக்கம்போலத் தட்டை நோயாளியின் மார்புக்கு நேரே நீட்டினாள்.

மீசைக்காரரின் கண்கள் மெல்லக் கீழே இறங்கின.

"டாக்டர்... இது எனக்கா?"

"இல்லைங்க, இது என் மாமனாருக்கு..."

"மாமனாருக்கேவா!"

அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி ஒரு சுற்றுச் சுற்றியது. கழுத்தில் கட்டிய நீலத் துண்டோடு படியிறங்கி ஓடினார். காத்திருந்தவர்களில் மூன்று பேர் காரணம் கேட்காமலே கூட ஓடினார்கள்.

"அடுத்தவரைக் கூப்பிடவா?" என்றாள் அக்கா.

"யாராவது இருக்காங்களா?"

எட்டிப் பார்த்துவிட்டு, "இல்ல," என்றாள்.

அரங்களின் பல் பளபளவென்று வெளுத்திருந்தது. கைப்பிடியும்தான். சிவப்பு எண் இருந்த இடம் துடைத்துவிட்ட பலகையாக இருந்தது. ஒன்று தட்டை, இன்னொன்று ஒரு பக்கம் உப்பியது. இதில் ஏழு எது, பத்து எது? தலைகீழாக நின்று யோசித்தும் அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

வீட்டில் மனைவியின் அலமாரியில் சிவப்பு நகப்பூச்சு இருந்தது. தட்டைக்கு ஏழு, உப்பலுக்குப் பத்து என்று எழுதினான். காய்ந்த பிறகுதான் கவனித்தான். அது மினுமினுப்புத் தூள் கலந்த பூச்சு. இரண்டு எண்களும் சினிமா விளம்பரம்போல ஜொலித்தன.

"என் பாலிஷை எதுக்கு எடுத்தீங்க?"

"அரத்துக்கு."

"கல்யாணத்துக்கு வாங்கினது. எனக்கே ரெண்டு விரலுக்கு மேல போட மனசு வரல." அவள் இடுப்பில் கைவைத்து முறைத்தாள். பிறகு முகம் மலர்ந்துவிட்டது. "அப்பாவோட அரத்து மேல அவ்வளவு பிரியமா உங்களுக்கு?"

அவன் தலையாட்டினான். வேறென்ன செய்ய?

ஞாயிறன்று இரண்டையும் மறுபடி கொக்கியில் மாட்டினான்; சுவரைப் பார்த்ததும் மாமனார் நின்றுவிட்டார். கைப்பிடியை விரலால் தொட்டுப் பார்த்தார். நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

"மின்னுதே மாப்பிள்ளை."

"துருப்பிடிக்காத சாயம் மாமா. ஏழையும் பத்தையும் சுத்தம் பண்ணிப் புதுசா எழுதியிருக்கேன்."

"இது ஏழா?" என்றார் மாமனார் தட்டையைப் பார்த்து. "ஏழு தட்டையா இருக்க வாய்ப்பு..." என்று இழுத்து நிறுத்தினார். சுவரில் மற்ற பத்தையும் ஏக்கமாக ஒரு பார்வை பார்த்தார். "ரெண்டு மட்டும் தனியாத் தெரியுதே. பார்க்கிறவங்க கண்ணுல உடனே படுமே."

பெரியவருக்குப் பிடித்திருக்கிறது, மீதியும் அப்படி வேண்டும் என்று கேட்கக் கூச்சப்படுகிறார் என்று மருமகன் புரிந்துகொண்டான். அவர் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில், கையோடு கொண்டுவந்திருந்த பூச்சு மீதிப் பத்துக்கும் ஏறியது. குப்பி காலியானது. விழித்து வந்து பார்த்த மாமனார் வந்த வழியே திரும்பினார். உள்ளே போய்த் தண்ணீர் குடித்தார். மறுபடியும் போய்க் குடித்தார்.

அன்று மாலைதான் மனைவி அந்தக் குண்டைப் போட்டாள்.

"அடுத்த ஞாயிறு அம்மா அப்பா கல்யாண நாள். வேற பரிசெல்லாம் வேண்டாம். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்ச வில்லை அப்பா, அம்மா முன்னாடி வளைச்சுக் காட்டணும். நான் வீடியோ எடுக்கப் போறேன்."

"அடுத்த ஞாயிறா?"

மாமனாரும் மருமகனும் ஒரே குரலில் கேட்டார்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இருவரும் அவசரமாகச் சிரித்தார்கள்.

"ஏன், முடியாதா?"

"மாமா இருக்கும்போது முடியாதுன்னு ஒண்ணு இருக்கா?" என்றான் மருமகன்.

"மாப்பிள்ளை இருக்கிற தைரியம்தான் எனக்கு," என்றார் மாமனார்.

அந்த வாரம் அவன் கிளினிக்கைச் சாயந்தர வேளையில் மூடிவிட்டுத் தினமும் மாமனார் வீட்டுக்கு ஓடினான். இப்போது அரம் பிடிக்கக்கூடக் கொஞ்சம் வந்திருந்தது. நுனியில் இடது கை, தள்ளும்போது அழுத்தம், திரும்பும்போது தூக்கல். அந்தக் கரகரப்பு ஒரு தாளத்தில் விழுந்தபோது மனதுக்குச் சுகமாகக்கூட இருந்தது. மாமனார் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து, எந்தப் புயல் எப்படித் தன்னை ஏமாற்றிவிட்டுத் திசை மாறிப் போனது என்று கதை கதையாகச் சொன்னார். அவர் இவ்வளவு பேசி வீட்டில் யாரும் கேட்டதில்லை. சமையலறையிலிருந்து மாமியார் எட்டி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆனால் அரம் பிடிக்க வந்த நேரத்தில் மரம் மிச்சமில்லை. இந்தக் கை, அந்தக் கை என்று மாற்றி மாற்றி ராவியதில், ஆளுயரச் சட்டம் விரல் கனத்துக்கு வந்துவிட்டது.

"கொஞ்சம் லேசா இருக்கோ?" என்றார் மாமனார்.

"லேசான வில்லுதான் மாமா வேகம்."

"ம். வேகத்துக்கு வாய்ப்பு இருக்கு."

கல்யாண நாள் வந்தது. மாமியார் புதுப் புடவையில் கொல்லைப்புற நாற்காலியில் அமர்ந்தார். மனைவி கைப்பேசியை உயர்த்தினாள். மாமனார் சலவைச் சட்டையோடு வில்லைக் கையில் வாங்கினார். காற்று வருகிறதா என்று வானத்தைப் பார்த்தார். காற்று இல்லை.

"மாப்பிள்ளை," என்று காதோடு சொன்னார், "நீங்களே வளைச்சா நல்லா இருக்கும்."

"ஐயோ, நீங்க இருக்கும்போது நான் வளைக்கிறதா?"

"இல்ல, எனக்கு மணிக்கட்டு..."

"அப்பா! என்ன ரகசியம்? வளைங்க!"

மாமனார் கண்ணை மூடிக்கொண்டு நாணை இழுத்தார். வில் வளைந்தது. இரண்டு கைகளும் ஒன்றுபோல, அழகாக, பிறைபோல வளைந்தன. மருமகனுக்கு நெஞ்சு விம்மியது. அந்த ஒரு நொடி, தான் பிறவி வில்காரன் என்றே நம்பினான்.

அடுத்த நொடி பழைய பள்ளம் தன் கணக்கைத் தீர்த்தது.

படீர்!

வில்லின் ஒரு பாதி பறந்துபோய் மாமியாரின் மடியில் விழுந்தது. இன்னொரு பாதி மாமனாரின் மூக்குக் கண்ணாடியில் நாணோடு தொங்கியது.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மாமனாரின் குரல் வந்தது.

"உடைய வாய்ப்பு இருந்தது."

மருமகனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. இனி சனிக்கிழமை மாலைகளில் அந்தப் போன் வராது. மனைவி தன்னைப் பார்க்கும் பார்வையும் பழையபடி இருக்காது. இருந்தாலும் சொன்னான்.

"மாமா, மன்னிச்சிருங்க. உங்களை ஏமாத்திட்டேன். எனக்கு வில் செய்யத் தெரியாது. அரம்னு ஒண்ணைக் கையில பிடிச்சதே உங்க வீட்டுலதான்."

மனைவியின் கைப்பேசி மெதுவாகக் கீழே இறங்கியது. மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து மருமகன் தலையைக் குனிந்துகொண்டான்.

மாமனார் நாணைக் கண்ணாடியிலிருந்து பிரித்தெடுத்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"அப்ப அந்த... வில்லு மூச்சு விடும்னது?"

"பொய் மாமா."

"முதுகு, வயிறு?"

"போன்ல பார்த்தேன்."

"ஏழாம் நம்பர்?"

"நடுவுல இருந்தது."

மாமனாரின் முகத்தில் என்னென்னவோ நடந்தது. கோபமா, வருத்தமா என்று மருமகனால் சொல்ல முடியவில்லை. மூன்று நாள் அடைமழைக்குப் பிறகு வானம் வெளுக்குமே, அந்த மாதிரி ஏதோ ஒன்று. அவர் மருமகனின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

வாசலில் வண்டி ஹாரன் அலறியது. பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு, கழுத்தில் துண்டும் காதில் பென்சிலுமாக அந்த எண்ணெய்க்காரர் வந்தார். கையில் எண்ணெய் இல்லை. பெரிய சாக்கு இருந்தது. கொட்டகைச் சுவரில் ஜொலித்த பன்னிரண்டு கைப்பிடிகளையும் பார்த்துவிட்டுக் கண்ணை ஒருமுறை கசக்கிக்கொண்டார்.

"ஐயா, வாடகைப் பட்டறையைக் கழட்டிடலாமா? உங்க சம்பந்தம் நல்லபடியா நிலைச்சிருச்சு, அடுத்த சம்பந்தத்துக்கு வேணும்னு சித்தி அவசரப்படுத்தறாங்க, அந்த மாமனாருக்கும் உங்களை மாதிரியே அரம்னா என்னன்னு தெரியாதாம்!"